மூலை வீட்டு லைன்

மார்ச் 4

எங்கள் தெரு மூலை வீட்டு அதிகாரிக்கு நெட் மெதுவாக வருகிறதாம். சுகாதாரத் துறையில் பெரிய பதவி, வீட்டில் நாலு ஏசி, வாசலில் இரண்டு கார். மெதுவாக வருவதற்குக் காரணம் நான்தான். போன வருடமே அவருடைய லைனிலிருந்து ஒரு கிளை பிரித்து எங்கள் வீட்டுக்குள் விட்டுவிட்டேன். எங்கள் கேபிள் கம்பெனியில் கம்பத்துப் பெட்டி திறக்கிற எவனும் தன் வீட்டு நெட்டுக்குக் காசு கட்டியதில்லை. கொடுக்கிற சம்பளத்துக்கு அது சரிதான்.

பெட்டியைத் திறந்தேன், முறைத்துப் பார்த்தேன், மூடினேன். "இப்ப பாருங்க சார்."

"ஆமாப்பா, பறக்குது" என்றார்.

மார்ச் 9

அண்ணன் லாரியோடு போய் மூன்று வாரமாகிறது. வீட்டில் நான், அண்ணி, குழந்தை. அண்ணி அரசு மருத்துவமனையில் நர்ஸ், குழந்தைகள் வார்டு. சாயங்காலம் போனோடு உட்கார்ந்தால் கூப்பிட்டாலும் காதில் விழாது. யாரோடு இவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"உங்க அண்ணனை டைவர்ஸ் பண்ண வக்கீல் தேடிட்டிருக்கேன் தம்பி."

மார்ச் 15

டீக்கடையில் 'ராத்திரி வார்டு' பற்றித்தான் பேச்சு. இணையத்தில் அது ஒரு பக்கம். யாரோ ஒருவர், மருத்துவமனையில் நடப்பதையெல்லாம் எழுதுகிறார். நாற்பது படுக்கைக்கு ஒரு நர்ஸ். கரண்ட் போனால் ஓடாத ஜெனரேட்டர். யார் என்ன கேட்டாலும் உடனே பதில் வரும். எழுதுகிற ஆள் யாரென்று கண்டுபிடிக்க அரசாங்கம் தலைகீழாக நிற்கிறது. ஆள் இருக்கும் இடத்தை மறைக்கிற செயலி ஒன்று இருக்கிறது, முகமூடி என்கிறார்கள். அதை உடைக்க ஒரு கம்பெனிக்குக் கோடிகளைக் கொட்டியும் நடக்கவில்லை. அதனால் முகமூடியைச் செல்போன் நெட்டில் தடுத்துவிட்டார்கள்; பக்கத்தைப் படிக்க மட்டும் முடியும். கேபிளில் இன்னும் ஓடுகிறது.

அந்தக் கோடியில் கால்வாசி போதும், ஜெனரேட்டரைச் சரி பண்ண. எவனுக்கும் தோணாது.

மார்ச் 22

புது உத்தரவு. 'பராமரிப்பு' என்று சொல்லி, தெருத் தெருவாகப் பத்து நிமிடம் நெட்டை நிறுத்த வேண்டும். சூப்பர்வைசர் சொன்னார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அடுத்த வாரம்' — சம்பள உயர்வு எப்போது என்று கேட்டால் அவர் சொல்வது அதுதான். எதற்காக நிறுத்த வேண்டும் என்று கேட்டேன்.

"மேலிடம் சொல்லுது, கீழிடம் செய்யணும். நீ கீழிடம்."

அவர் மேஜையில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர், அரசாங்கம் அனுப்பிய ஆளாம், லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். நான் கம்பத்தில் தொங்கிக்கொண்டு ஜனங்களிடம் திட்டு வாங்கினேன்.

மார்ச் 23

லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன், புரிந்துவிட்டது. கட்டம் சட்டை, 'ராத்திரி வார்டு' பக்கத்தில் ஏதாவது கேள்வி போடுகிறார். நான் ஒரு தெருவை நிறுத்துகிறேன். எந்தத் தெரு அணைந்தால் பதில் வரவில்லையோ, ஆள் அங்கே. பூட்டைத் திறக்கத் தெரியாமல் சுவரை இடிக்கிற கூட்டம். இடிக்கிற கடப்பாரை நான்.

மார்ச் 29

இன்று ஏழு மணிக்கு எங்கள் தெரு. நிறுத்தினேன். பக்கத்தை என் போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதில் நின்றது. திரும்பப் போட்டேன். உடனே வந்தது: 'மன்னிக்கவும், நெட் போய்விட்டது.'

எங்கள் தெருவிலா? எவனாக இருந்தாலும் மனதுக்குள் ஒரு சலாம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அண்ணி போனும் கையுமாக வாசலில் நின்றார். "ஏழு மணிக்கு நெட் போச்சு தம்பி. அங்க வேலை செய்யறீங்கன்னு பேருதான்."

நான் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றேன்.

மார்ச் 30

என்னத்தப் பண்றது. தூக்கி உள்ள போட்டுருவானுங்க. குழந்தைக்கு மூணு வயசுகூட ஆகல.

அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் எழுதுகிற யாரோ கொஞ்ச நாள் சும்மா இருக்கலாமே என்றேன். அவர் திரும்பவில்லை. கிளிப்பை மாட்டி முடித்துவிட்டுச் சொன்னார்:

"கரண்ட் போனா, கையால பம்ப் அமுக்கி அமுக்கிக் குழந்தைக்கு மூச்சு குடுக்கறோம் தம்பி. பக்கத்துப் படுக்கையில இன்னொண்ணு நீலமாகுது. அந்த யாரோ எப்படிச் சும்மா இருப்பாங்க?"



இதை எழுதுவதே மடத்தனம். ஆனால் காகிதத்துக்கு வயர் கிடையாது.

ஏப்ரல் 2

இனி தெரு இல்லை, வீடு வீடாக. எங்கள் தெருவில் ஒவ்வொரு லைனாக நிறுத்தப் போகிறோம். எங்கள் வீட்டுக் கிளையை வெட்டிவிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். கட்டர் கையில். அப்போதுதான் உறைத்தது — எந்த வீட்டை நிறுத்துவார்கள்? காசு கட்டுகிற வீடுகளை. கம்பெனியைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் நெட்டே இல்லை. எங்கள் நெட் போக வேண்டுமென்றால்...

மூலை வீடு.

பாவம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. நாலு ஏசியை நினைத்துக்கொண்டேன். ஜெனரேட்டர் கேட்டு வந்த கடிதத்தையெல்லாம் ஓரங்கட்டியது அந்த ஆள்தான் என்று 'ராத்திரி வார்டு' எப்போதோ எழுதியிருந்தது. பெட்டியை மூடினேன்.

ஏப்ரல் 5

அண்ணியிடம், வழக்கம்போல எழுதுங்க என்று மட்டும் சொன்னேன்.

சொன்ன நேரத்துக்குச் சொன்ன லைனை நிறுத்தினேன். ஒரு திருட்டுத்தனம் இல்லை. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இவ்வளவு யோக்கியமாக நான் எதையும் செய்ததில்லை. தையற்கடை — பதில் வந்தது. மாடி வீடு — வந்தது. மூலை வீடு — நின்றது. மறுபடி செய்யச் சொன்னார்கள். மறுபடியும் நின்றது.

அலுவலகத்துக்குப் போனால் கட்டம் சட்டை லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அடுத்த வாரம்' என் காதில் சொன்னார்: "அவங்க ஆபீசர் வீடுடா. வாயைத் தொறந்துடாதே."

ஏப்ரல் 9

கம்பம். வெயில். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 19

நிறுத்தும் வேலை ரத்து. யாரையும் பிடிக்கவில்லை. எழுதியது தான் இல்லவே இல்லை என்று அதிகாரி சத்தியம் செய்தாராம். செய்யச் செய்யச் சந்தேகம் கூடியதாம். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று அமுக்கிவிட்டார்கள். அவருக்கு இடமாற்றம், குளிர்ச்சியான ஊர், இதைவிடப் பெரிய வீடு. நர்ஸாக இருந்திருந்தால் விலங்கு. இந்த நாட்டில் தண்டனைக்குக்கூட மெத்தை போட்டு வைத்திருக்கிறார்கள். ஆத்திரப்பட வேண்டும். சாயங்காலம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மே 3

ஆள் மாறியதும் மருத்துவமனைக்குப் புது ஜெனரேட்டர் வந்துவிட்டது. அண்ணி வேலை முடிந்து வந்து குழந்தையைத் தூக்கிச் சுற்றினார். மூலை வீடு காலி, அந்த லைனோடு எங்கள் நெட்டும் போய்விட்டது. நெட் எப்போது வரும் என்று கேட்டார்.

"அடுத்த வாரம்" என்றேன்.

மே 11

மூலை வீட்டுக்கு ஆள் வந்தாயிற்று. போலீஸில் ஏதோ பெரிய பதவியாம். இணைப்புக் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். வேகமாக வர வேண்டும் என்றார். வரும் சார் என்றேன்.

ஏழு மணிக்கு அண்ணி போனோடு உட்கார்ந்தார். நாற்பது படுக்கைக்கு இன்னும் ஒரே நர்ஸ்தானாம்.