கைக்குட்டை விழுந்த டேக்

பிப்ரவரி 4

மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் என்னைப் பார்த்து "த..." என்று ஆரம்பித்தார். தட்டை நகர்த்தினேன். இல்லை என்று தலையாட்டினார். அக்கா ஓடிப்போய்த் தலையணையைக் கொண்டுவந்து முதுகுக்கு வைத்தாள். அதுவும் இல்லை. கடைசியில் வந்தது, "தண்ணி."

குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "கத்திரி, உன் வெட்டு வேலைய எடிட்டிங் ரூமோட வச்சுக்க. என் வாய்க்குள்ள வராத."

கத்திரி என்பது எனக்கு அவர் வைத்த பெயர். படத்தொகுப்பாளர் என்று சொல்ல நேரமாகுமாம்.

பக்கவாதத்தில் விழுந்த கைகால் சரியாகிவிட்டது. நாக்குதான் இன்னும் தாமதம். ஆனாலும் நான் தொகுக்கும் போலீஸ் காமெடிப் படத்தின் இரண்டாம் பாகத்தில் நடித்துக்கொண்டிருக்கிறார். தயாரிப்பாளர் வேறு ஆள் பார்த்தபோது ஹீரோ ஒத்துக்கொள்ளவில்லையாம். "அவர் இல்லாம நான் மட்டும் ஜீப்புல போனா அது போலீஸ் படம் இல்ல, டிரைவர் படம்." ஊரே நெட்டை என்று கூப்பிடும் அந்த ஹீரோவுக்கு மனசும் நீளம்தான்.

பிப்ரவரி 12

துரத்தல் காட்சி எடிட்டிங் ரூமுக்கு வந்து சேர்ந்தது. ஜீப் உருண்டதில் டூப் போட்டவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. இறங்கி டீ கேட்கிறார், அதுவும் பதிவாகியிருக்கிறது.

முதல் பாகத்தின் ஜீப் நினைவுக்கு வந்தது. நிஜமாகவே கதவு மாட்டிக்கொண்டது. அத்தான் உள்ளே உதைக்கிறார், நெட்டை வெளியே நின்று நகம் பார்க்கிறார். அதை வெட்டித் தூக்கிவிடச் சொன்னார்கள். நான்தான் அப்படியே விட்டேன். தியேட்டர் சிரிப்பில் இடிந்தது அங்கேதான். அத்தானுக்குப் பெயர் வந்ததும் அந்தக் கதவால்தான்.

பிப்ரவரி 21

இன்று பார்த்ததை எழுதவே பிடிக்கவில்லை.

கிடங்குக் காட்சி. அத்தான் துப்பாக்கியை நீட்டி "கையைத் தூக்கு" என்று சொல்லவேண்டும். என் தாளில் வசனம் அவ்வளவுதான். "கை..." என்கிறார். நிற்கிறது. மறுபடி "கை..." வில்லன் காத்திருக்கிறான். நெட்டை கடிகாரம் பார்க்கிறார். வில்லன் தானாகவே கையைத் தூக்கிவிட்டான். அத்தான் இல்லை என்று தலையாட்டி, முகம் சிவந்து, "கைக்குட்டை" என்றார். உடனே கேமராவுக்குப் பின்னால் மொத்த யூனிட்டும் சிரிக்கிறது. ஒருவர் இரண்டு பேர் இல்லை, எல்லாரும். அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்திவிட்டேன்.

வார்த்தை மாறிப்போனதற்கா சிரிப்பார்கள்? நோயாளியைப் பார்த்தா? பாவிகள்.

பிப்ரவரி 22

அக்கா போனில் அழுதாள். "அவர் திக்குறது ஊருக்குத் தெரியாம பாத்துக்கடி. உன்னை விட்டா யாரு இருக்கா." பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மார்ச் 3

கிடங்குக் காட்சியை வெட்டி முடித்துவிட்டேன். அத்தான் திணறும் இடத்தில் எல்லாம் நெட்டையின் முகம். ஒத்திகையில் அத்தான் சரியாகச் சொன்ன "கையைத் தூக்கு" கிடைத்தது. அந்தக் குரலை எடுத்து அந்த முகத்தின்மேல் ஓட்டினேன். ஒட்டுப் போட்டதே தெரியவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

இயக்குநர் சண்டைப் படப்பிடிப்பிலிருந்து போனிலேயே பார்த்தார். "வேகமா இருக்கு. ஆனா அந்தக் கிடங்கு... நீங்க வீட்டு ஆளு. அவர்கிட்ட பேசிட்டுத்தானே வெட்டியிருப்பீங்க?"

"ம்" என்றேன். பேசவில்லை. எப்படிப் பேசுவது, உங்கள் நாக்கை மறைக்கப் போகிறேன் என்றா?

ஏப்ரல் 9

எல்லாருக்கும் படம் போட்டுக் காட்டினார்கள். அத்தான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து, கிடங்குக் காட்சி வருவதற்கு முன் அக்காவின் கையைத் தட்டி "இப்ப பாரு" என்றார். காட்சி வந்தது, போனது. திரையில் நெட்டைதான் இருந்தார். அத்தான் அதன்பின் அசையவே இல்லை.

வெளியே வந்து என்னிடம், "வேகமா இருக்கும்மா" என்றார்.

கத்திரி என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 10

நெட்டை எடிட்டிங் அறைக்கே வந்துவிட்டார். "ஏம்மா அந்த டேக்கைத் தூக்கினீங்க?"

திக்கினார், எல்லாரும் சிரித்தார்கள், அதனால்தான் என்றேன்.

"முழுசாப் பாத்தீங்களா?"

உட்கார்ந்து போட்டேன். "கைக்குட்டை" என்கிறார். யூனிட் சிரிக்கிறது. நான் நிறுத்திய இடம் அது. அதற்கப்புறம், அத்தான் துப்பாக்கி முனையால் வில்லனின் காலடியைக் காட்டி, நிதானமாக, "கீழ விழுந்துருச்சு. எடுத்துக்கோ." வில்லன் குனிகிறான், நெட்டை விலங்கை மாட்டுகிறார்.

"அவரே யோசிச்சது. வசனத்தை அன்னைக்குக் காலையிலதான் மாத்தினோம். வீட்டுல யாரும் அவரை ஒரு வார்த்தை முடிக்க விடுறதில்லையாம், அதையே காமெடியாக்கிடலாம்னாரு. யூனிட் சிரிச்சதும் கேரவன்ல போய் அழுதாரும்மா. நோய் வந்தப்புறம் அவருக்குக் கிடைச்ச முதல் சிரிப்பு அது."

வாய்க்குள் வராதே என்று எனக்குச் சொன்னாரே. என் காதில் ஏறவில்லையே. தண்ணி கேட்ட மனுஷனுக்குத் தட்டை நீட்டினவதானே நான்? ஜீப் கதவை அப்படியே விட்டவளுக்கு இதை அப்படியே விடத் தெரியலையே. ஐயோ, ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா என்ன கொள்ளை போயிருக்கும்?

ஏப்ரல் 11

பின்னணி இசை சேர்த்தாகிவிட்டது, இனிமேல் கை வைக்க முடியாது என்கிறார்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போது அந்த டேக்கைப் போடலாம் என்று கெஞ்சி வாங்கினேன்.

மே 1

படம் ஓடுகிறது. வேகம், வேகம் என்று என் வேலையைப் புகழ்கிறார்கள். படிக்கப் படிக்க உடம்பு கூசுகிறது.

மே 6

தியேட்டருக்குப் போனேன். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அத்தான் "கை..." என்றபோது கூட்டம் வாசலில். தியேட்டரைப் பெருக்க வந்த அம்மாள் மட்டும் துடைப்பத்தை ஊன்றி நின்று பார்த்தார். கைக்குட்டை என்றதும் சிரித்துவிட்டார். அத்தானிடம் போய்ச் சொல்ல நினைத்தேன். ஒரே ஒருத்தர் சிரித்தார் என்று எந்த முகத்தோடு சொல்ல?

ஜூன் 15

மூன்றாம் பாகம் வருகிறது. அத்தான் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அக்காவிடம்கூடக் காரணம் சொல்லவில்லையாம், நெட்டை சொன்னார். இந்த முறை அவள் அழவில்லை, என்னிடம் பேசவும் இல்லை.

ஜூன் 20

போனேன். அக்கா கடைக்குப் போயிருந்தாள். அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எதிரே உட்கார்ந்து, தப்பு பண்ணிட்டேன் அத்தான் என்றேன். வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்தேன்.

"க..." என்றார்.

எதையும் எடுத்து நீட்டவில்லை. எந்த வார்த்தையும் சொல்லிக் கொடுக்கவில்லை. நின்றேன். மறுபடி "க..." என்றார். கத்திரி என்றுதான் வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"கதவைச் சாத்திட்டுப் போம்மா."

சாத்திவிட்டு வந்தேன்.