பாலம் போயிருந்த வழி

அன்பு மகள் புருல்சாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உயிரோடு, கைகால் சுகத்தோடு இருக்கிறோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஆற்றில் நடந்ததை ஊரில் யாராவது உனக்கு அரைகுறையாகச் சொல்லி, நீ ஜெர்மனியில் உட்கார்ந்து பதறிக்கொண்டிருப்பாய். உன்னையும் அல்லாஹ் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். போனில் சொல்லலாம் என்றால் மேய்ச்சல் மலையில் சிக்னல் இல்லை. ஆட்டு டாக்டர் நாளைக் காலை நாரின் டவுனுக்கு இறங்குகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அங்கேயே மூன்று வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போடவா, ஊருக்குத் திரும்பவா, தப்பானதைப் பிடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, எனக்காக வழி கேட்டுத் தொழுது கனவில் என்ன வருகிறதென்று சொல் என்று கேட்டிருந்தாய். ஏழு நாள் தொழுதேன் கண்ணே, ஒரு கனவும் வரவில்லை. எட்டாம் நாள் ஆடுகளோடு நாங்கள் மலைக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. இந்த வருஷம் கணவாயில் பனி இன்னும் கிடந்தது. அப்பா கணவாய் வழியாகவே போகலாம் என்றார், உன் சித்தப்பா அசன்பெக்கும் அப்படித்தான் சொன்னார். நான்தான் குட்டிகள் சின்னதாக இருக்கின்றன, பள்ளத்தாக்கில் இறங்கி மரப்பாலத்தைத் தாண்டிப் போகலாம் என்றேன். இதற்கும் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுத்தான் சொன்னேன், மனசு அந்தப் பக்கமே சாய்ந்தது, அதுதான் பதில் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா என் பேச்சைக் கேட்டார், சித்தப்பா கேட்கவில்லை. அவர் கணவாய் ஏறி இரண்டாம் நாளே ஒரு குட்டி குறையாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நாங்கள் போனபோது பாலம் இல்லை. இரண்டு கரையிலும் பாலத்தைத் தாங்கிய கட்டைகள் மட்டும் நின்றன, நடுவில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. திரும்ப ஏறலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டது, பனி கலந்த மழை, இரண்டு நாள் விடவில்லை. ஒதுங்க ஒரு பாறை கூட இல்லாத இடம். முப்பத்தொரு குட்டிகள் செத்தன புருல்சா. கம்பளிக் கோட்டுக்குள் வைத்துப் பார்த்தேன், வாயில் ஊதிப் பார்த்தேன். அப்பா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. செத்த குட்டிகளை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டு வந்து, "கேட்டுட்டுத்தானே வந்தோம். அல்லாஹ் சொல்லலையா, நம்ம காதுல விழலையா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மூன்றாம் நாள் காலை மழை விட்டது. தண்ணீர் மொள்ள ஆற்றோரம் கொஞ்ச தூரம் கீழே இறங்கினேன். இரண்டு பாறைகளுக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது, பனிக்கட்டி என்று நினைத்தேன். கிட்டே போனால் கவிழ்ந்து கிடக்கிற கார். ஜன்னலில் ஒரு துணி ஆடியது, துணி என்றுதான் நினைத்தேன், அது கை. வாளி எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. உள்ளே ஒரு பெண், கால் நசுங்கி மாட்டிக்கொண்டு, இடுப்பு வரைக்கும் தண்ணீரில். உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். பக்கத்தில் அவள் புருஷன். அவனைத் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று விடியும் முன் இருட்டில் எதிர்க்கரையிலிருந்து வந்து விழுந்திருக்கிறார்கள், மழைச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. பாலம் போனது அவர்களுக்கும் தெரியாது.

அப்பா சேணம் கூடப் போடாமல் குதிரையில் ஏறி, காட்டுக் காவல்காரர் வீட்டுக்குப் போனார், அங்கேதான் ரேடியோ இருக்கிறது. போய்வர நாலு மணி நேரம். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி ஆறு உயர ஆரம்பித்தது. ஜன்னல் வழியாக உடம்பை நுழைத்து அவள் தலையை என் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். என் கால்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. தூங்கிவிடாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவள் பெயர் ஜிபேக், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புருஷன் பெயர் எர்மெக், கல்யாணமாகி இரண்டாவது வருஷம். அவர் ஏன் பேசமாட்டேங்கிறார் என்று கேட்டாள், நான் அவள் தலையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன், அதிலேயே புரிந்துகொண்டாள். அப்புறம், "அவர் மேல் ரோட்டுல சுத்திப் போலாம்னுதான் சொன்னாரு. நான்தான் இந்த வழின்னு பிடிவாதம் பிடிச்சேன். தொழுதுட்டுதான் கிளம்பினேன் அக்கா, மனசுல இதுதான் பட்டுச்சு" என்றாள்.

மகளே, இரண்டு நாளாக நான் எனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தைகள். நான் இழந்தது குட்டிகள், அவள் இழந்தது அவனை. "நானும் தப்பான வழியிலதான் வந்தேன் தங்கச்சி, அதனாலதான் உன்கிட்ட நிக்கிறேன்" என்றேன். அவள் என் விரலைப் பிடித்தாள், அப்புறம் விடவே இல்லை. தண்ணீர் அவள் தாடையைத் தொட்டபோது டிராக்டர் சத்தம் கேட்டது. ஆறு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, உயிர் இருக்கிறது.

பிறகு கணவாய் வழியாகவே சுற்றி மேய்ச்சல் மலைக்கு வந்து சேர்ந்தோம். உன் சித்தப்பா, பார்த்தாயா அண்ணி, அவளைக் காப்பாற்றத்தான் அல்லாஹ் உங்களை அந்த வழியில் அனுப்பினான் என்கிறார். அப்படியானால் எர்மெக்கை அந்த வழியில் அனுப்பியது யார் என்று கேட்டேன். டீயைக் கீழே வைத்துவிட்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார். நான் சண்டைக்குக் கேட்கவில்லை, எனக்குத் தெரியவேண்டும் என்றுதான் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் உனக்குச் சொல்கிறேன். தப்பான இடத்தில் போய் நின்றால் அங்கே அல்லாஹ் இருக்கமாட்டான் என்று நான் இத்தனை வருஷம் பயந்தேன். அந்தத் தண்ணீரில் நின்றபோது அவன் இல்லை என்று எனக்கு ஒரு நிமிஷம் கூடத் தோன்றவில்லை. அதனால் கனவுக்குக் காத்திராதே. கேள், யோசி, ஒன்றைச் செய். கையெழுத்துப் போட்டாலும் சரி, திரும்பி வந்தாலும் சரி, அம்மா ஏன் என்று கேட்கமாட்டேன். அப்பாவும் அதையே எழுதச் சொன்னார். இப்போது என்னோடு பேசுகிறார், நேற்று என் கால்களுக்கு ஆட்டுக்கொழுப்பு தேய்த்துவிட்டார்.

அவர் நாரின் ஆஸ்பத்திரிக்குப் போய் ஜிபேக்கைப் பார்த்துவிட்டு வந்தார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம், தப்பான வழியிலதான் வந்தேன்னு அந்த அக்கா இன்னும் சொல்றாங்களா என்று. வெள்ளிக்கிழமை நான் போகிறேன். போய்ப் பக்கத்தில் உட்காரப் போகிறேன்.

கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. இரவு வேலை முடிந்து வந்ததும் சூடாக எதையாவது குடித்துவிட்டுப் படு. உன் தொழுகையில் ஜிபேக் பெயரையும் எர்மெக் பெயரையும் சேர்த்துக்கொள், மறந்துவிடாதே. உன் பாதை எதுவானாலும் அதில் உன் கால் நோகாமல் இருக்கட்டும், வீட்டு வாசல் உனக்கு எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

உன்னை நெற்றியில் முத்தமிடும்
அம்மா சைரகுல்