உன் வயல் வழியே போன வெள்ளம்

இன்று காலை கூட்டுறவுச் சங்கக் கடை வாசலில் நனைந்த சாக்குகளை வெயிலில் விரித்துப் போட்டிருந்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, மண் நிரப்பிய சாக்கைத் தோளில் சுமந்துகொண்டு நீ குளக்கட்டில் நடந்த மாரிக்காலம் கண்ணுக்குள் வந்து நின்றது.

நீ போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. பாராளுமன்றக் கூட்டத்துக்கென்று கொழும்புக்குப் போனவனை ரயிலில் சவப்பெட்டியாகத்தான் திருப்பி அனுப்பினார்கள். செத்தவீட்டில் எல்லாரும் எம்.பி. ஐயாவைப் பற்றிப் பேசினார்கள். நான் பேசவில்லை. தேர்தலில் உன்னை எதிர்த்து நின்று தோற்றவன் பேசினால் அது வெறும் மரியாதைப் பேச்சாகிவிடும் என்று பட்டது. அன்று சொல்லாததைத்தான் இன்று எழுதுகிறேன்.

உன்னைப் பெற்ற அப்புவும் என் அப்புவும் ஒன்றாகத்தான் வன்னிக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் குத்தகைக் காணியில் புகையிலை நட்டு அலுத்துப் போனவர்கள். உன் அப்பு குளத்தின் வலப்பக்கம் காடு வெட்டினார். முதல் விளைச்சலைக் கண்டவர், இரண்டாவதைக் காணவில்லை. மலேரியாக் காய்ச்சல் கொண்டு போய்விட்டது. அந்த வயலை வைத்துக்கொண்டுதான் உன் அம்மா உன்னைப் படிப்பித்தா. நீ சட்டம் படித்துப் புறொக்டராகி வவுனியாக் கோட்டில் காணி வழக்குகள் பேசினாய். காசில்லாதவர்கள் பூசணிக்காயோடு வந்தாலும் அவர்களுக்காக எழும்பி நின்றாய். சனம் உன்னைத் தேர்தலுக்கு இழுத்தது அப்படித்தான்.

நாங்கள் பிறகுதான் இடப்பக்கத்துக்குப் பெயர்ந்தவர்கள். எல்லா நன்மையும் வலப்பக்கத்துக்கே போகிறது என்ற மனக்குறை எங்கள் ஆட்களுக்கு இருந்தது. அதனால் என்னை நிறுத்தினார்கள். உனக்குக் குடைச் சின்னம், எனக்கு விளக்கு. தொகுதி முழுக்க நீ வென்றாய். எங்கள் இடப்பக்கம் மட்டும் என்னோடு நின்றது.

முடிவு வந்த மறுநாள் நீ சைக்கிளில் என் வாசல் படலைக்கு வந்தாய். வென்றவன் நக்கலடிக்க வருகிறான் என்று நினைத்து நான் இருக்கக் கதிரைகூடப் போடவில்லை. நீ சைக்கிளைப் பிடித்தபடியே கேட்டாய்:

“மச்சான், உனக்கு வோட்டுப் போட்டவைக்கு என்ன வேணுமெண்டு என்னைவிட உனக்குத்தான் தெரியும். சொல்லு.”

மருந்துச்சாலை வேணும் என்றேன். அடுத்த வருடம் அது வந்தது, எங்கள் பக்கத்திலேயே. உன் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிறகு அந்த மாரி. மழை விடவேயில்லை. மிச்ச நீர் வழியும் வான் பாய்ந்தும் போதாமல் தண்ணீர் கட்டின் விளிம்புவரை ஏறிவிட்டது. இரண்டு பக்கத்து ஆட்களும் சாக்கு அடுக்கினோம். மத்தியானம்போல நீர்ப்பாசன ஓவசியர் வந்து பார்த்தார். கட்டின் ஓரத் தொங்கலை வெட்டித் தண்ணீரை விடாவிட்டால் குளம் நடுவில் உடைந்துவிடும், இரண்டு பக்கமும் தப்பாது என்றார். இடப்பக்கத்தில் பழைய ஓடை இருந்தது. அங்கே வெட்டுவது லேசு என்று கையைக் காட்டினார். அந்த ஓடைக்குக் கீழேதான் எங்கள் குடியிருப்புக் கொட்டில்களும், எங்கள் மருந்துச்சாலையும், கைக்குழந்தையோடு என் மனைவியும்.

எங்கள் ஆட்கள் மண்வெட்டியை நிமிர்த்திக்கொண்டு குறுக்கே போய் நின்றார்கள். நானும் நின்றேன். உன் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

நீ ஓவசியரிடம் கேட்டாய்: “வலப்பக்கம் வெட்டினால் கட்டு நிக்குமோ?”

“நிக்கும் ஐயா. கீழ வீடுமில்லை. ஆனா அது உங்கட வயல்.”

“என்ர இல்லை, அம்மாவின்ர. கேட்டிட்டு வாறன்.”

“இப்ப கேட்டுக்கொண்டு நிக்க நேரமிருக்கோ?” என்று ஒருவர் கத்தினார். நீ அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டாய். ஏனென்று தெரியாமலே நானும் பின்னால் வந்தேன்.

உன் அம்மா குசினியில் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தா. நீ வாசலிலேயே நின்று சொன்னாய்.

“அம்மா, குளம் உடையப் போகுது. எங்கட பக்கத்தால வெட்டினால் அங்கால சனம் தப்பும். வயல் போயிடும்.”

“கதிர் வாற நேரமெல்லோ?”

“ஓம்.”

அவா ஊதுகுழலைக் கீழே வைத்தா. என்னை ஒருமுறை பார்த்தா. பிறகு உன்னிடம் சொன்னா: “உன்ர அப்பு காடு வெட்டேக்க என்னைக் கேக்கேல்லை. நீ கேக்கிறாய். போய் வெட்டு.”

முதல் மண்ணை நீதான் வெட்டினாய். சிவந்த தண்ணீர் உங்கள் வரம்புகளை ஒவ்வொன்றாக விழுங்கிப் போனதை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். குளம் நின்றது. எங்கள் கொட்டில் ஒன்றுகூட விழவில்லை.

வெள்ளம் வடிந்தபோது உங்கள் வயலில் முழங்கால் அளவுக்கு மணல். உன் தாய்மாமன் ஊர் கேட்க ஏசினார்: “உனக்குப் போடாத சனத்துக்காகவோ?” தைப்பொங்கல் முடிந்ததும் எங்கள் ஆட்கள் மண்வெட்டியும் ஓலைக் கடகமுமாக உங்கள் வயலில் இறங்கினார்கள். யாரும் கூப்பிடவில்லை. மணல் அள்ளி முடியப் பல நாள் எடுத்தது. பெண்கள் அங்கேயே உலை வைத்தார்கள். உன் மாமன் இரண்டு நாள் வரம்பில் நின்று பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தானும் ஒரு கடகத்தைத் தூக்கினார். அதற்குப் பிறகு ஊரில் வலப்பக்கம் இடப்பக்கம் என்ற பேச்சு குறைந்தது. அடுத்த தேர்தலில் நான் நிற்கவில்லை. உனக்காக வீடு வீடாகப் போனேன்.

இப்போது நான் கிராமச்சங்கத் தலைவர். போன வருடம் மருந்துச்சாலை வீதியை அகலமாக்க ஒரு விதவைப் பெண்ணின் வீட்டு வளவில் கொஞ்சம் தேவைப்பட்டது. சட்டப்படி எடுக்கலாம் என்றார்கள். நான் போய் அவா படலையில் நின்று கேட்டேன்.

“என்ர பலா போயிடும், தரமாட்டன்” என்றா.

“சரி, தங்கச்சி” என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்கப் போகிறவன் இந்த மறுமொழிக்கும் ஆயத்தமாகத்தான் போக வேண்டும் என்று அன்று விளங்கியது. உன் அம்மா மாட்டேன் என்றிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று வழியெல்லாம் யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீ கேட்டாய்.

வீதி அந்த இடத்தில் கொஞ்சம் வளைந்துதான் போகிறது. பஸ் ஓட்டுகிறவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே திருப்புகிறார்கள். திட்டட்டும்.