சூரியன் மூன்று கிலோ எழுநூறு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலேயே வெயில். துணி காய்ந்ததுதான் லாபம்.

மாலைப் படிப்பகத்தில் மாதிரி வகுப்பு எடுத்தேன். மானம் போயிற்று. சூரியனின் நிறை பூமியைப் போல எத்தனை மடங்கு என்பது பாடம். குறுக்களவு 109 மடங்கு என்று நினைவிருந்தது. 109-ஐ 109-ஆல் பெருக்கி, பலகையில் பன்னிரண்டாயிரம் என்று பெரிதாக எழுதினேன். முதல் வரிசை ஷாலினி புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். “மிஸ், இதுல மூணு லட்சத்து முப்பத்து மூவாயிரம்னு போட்டிருக்கு.” அச்சுப்பிழையாக இருக்கும் என்றேன். கணக்கைவிட அதுதான் பெரிய தப்பு.

படிப்பகம் நடத்தும் எஸ்தர் டீச்சர் திட்டவில்லை. அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை எடுத்துப் பார் என்றார். அதுவும் சரிப்படாவிட்டால் வேறு ஆள். பிளஸ் டூ முடித்துப் பதினோரு வருடம், தோல் கம்பெனிதான். இந்த வகுப்பு எனக்கு வேண்டும். ரொம்ப வேண்டும்.

4, திங்கள்

அளவு மெஷினில் நான் தோலை விரித்து விட, அந்தப் பக்கம் வாங்கிச் சதுர அடியை எழுதுவது நஸ்ரின் அக்கா. டீ நேரத்தில் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

“சூரியனையும் விரிச்சுப் போட்டு அளந்திருக்க. அது உருண்டைடி. அடி வேற, எடை வேற.”

எல்லாவற்றையும் சதுர அடியில் பார்த்தே பழகிய புத்தி. வெட்கம். கொஞ்சம் சிரிப்பும்.

5, செவ்வாய்

109-ஐ மூன்று தடவை போட்டுப் பெருக்கினால் பதிமூன்று லட்சம். புத்தகத்தில் இருப்பது அதில் கால்வாசி. மறுபடி குழப்பம். அக்கா, ஈரத்தோல் கனம் ஜாஸ்தி, காய்ந்தது கம்மி, அளவு ஒன்றுதானே என்றார். அதேதான். பூமி கல்லும் இரும்பும், சூரியன் வாயு. ஒரே அளவு எடுத்தால் சூரியன் கால் பங்கு கனம்தான். சந்தோஷத்தில் இரண்டு தோலைப் புறம் மாற்றி மெஷினில் விட்டேன். சூப்பர்வைசர் முறைத்தார்.

வாங்க: ஷாம்பு, சாக்பீஸ், செருப்புக்கு ஊக்கு.

8, வெள்ளி

சாயங்காலம் மழை. பத்து கிராம் சீரக சம்பா எண்ணினேன். இரண்டு தடவை எண்ணிக்கை விட்டுப்போய், மூன்றாவதில் 900. ஒரு அரிசி பூமி என்றால் சூரியன் மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரம் அரிசி, அதாவது மூன்று கிலோ எழுநூறு. அரிசி தான் தருவதாக அக்கா சொன்னார். வகுப்பு முடிந்ததும் அதிலேயே பிள்ளைகளுக்குப் பிரியாணி.

10, ஞாயிறு

போன வாரம் புத்தகம் சரி, நான்தான் தப்பு என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். சொன்னதும் நெஞ்சு லேசானது.

ஆளுக்கொரு அரிசி கையில். அது பூமி. மொத்த அரிசியும் இருந்த தேக்சாப் பாத்திரத்தைச் சூரியன் என்று சுற்றில் விட்டேன். எல்லோரும் தூக்கிப் பார்த்தார்கள். ஷாலினி தன் பூமியையும் அதில் போட்டுவிட்டுத் தேடினாள். எங்கே கிடைக்கும். பிறகு நிமிர்ந்து, “இத எந்தத் தராசுல மிஸ் நிறுத்தாங்க?” என்றாள்.

“தெரியலடி. படிச்சிட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. என்னை இன்னும் வேலைக்கு எடுக்கவே இல்லை. எஸ்தர் டீச்சர் பின்னால் இருந்து எழுந்து வந்தார்.

“நாளைக்கா? அப்போ சாவிய நீயே வச்சிக்க. ஆறு மணிக்குத் தொறந்துடு.”

பிரியாணியில் உப்பு கம்மி. பூமியோடு சேர்த்துச் சாப்பிட்டோம்.