நன்றியுரை: அருணா

மே 10, சனி

முன்னாள் மாணவர் சங்கத்தின் இலக்கியக் கருத்தரங்குக்கு இன்று முதல் முறையாகப் போய் வந்தேன். மாதம் ஒரு நாவல். வீட்டில் படித்துவிட்டு, இரண்டாம் சனிக்கிழமை புதுக்கோட்டையில் நாங்கள் படித்த கல்லூரியிலேயே கூடிப் பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

நடந்தது வேறு. வரவேற்புரை. தலைமையுரை. பிறகு வாழ்த்துரை, வாழ்த்துரை, மேலும் வாழ்த்துரை. வாழ்த்தியவருக்குப் பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்கும் ஒரு பொன்னாடை. அழைப்பிதழில் 'பங்கேற்பாளர் கருத்துரை' என்று அச்சடித்திருந்த இடம் வந்தபோது பிரியாணியும் வந்துவிட்டது. பிரியாணியோடு போட்டி போட எந்த நாவலால் முடியும்?

நாவலின் பெயரைச் சொல்லாதவர் இல்லை. கதையைச் சொன்னவரும் இல்லை.

மே 11

"என்னத்தக் கத்துக்கிட்டு வந்த?" என்று இவர் கேட்டார்.

"கை தட்ட" என்றேன்.

மீன்பிடித் தடைக்காலம், எங்கள் ஐஸ் கம்பெனி சும்மா கிடக்கிறது. இல்லாவிட்டால் ஜெகதாப்பட்டினத்தை விட்டு ஒரு சனிக்கிழமை நான் நகர முடியுமா?

மே 19

அடுத்த மாத நாவலை முடித்துவிட்டேன். ஒரு பஸ் கண்டக்டர் குடும்பத்துக் கதை. அவர் மனைவி பேர் பூரணம். புத்தகம் முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட்டுக்கொண்டே இருக்கிறாள். மாமனார், கொழுந்தன், டெப்போவிலிருந்து வந்தவர், கடன் கேட்டு வந்தவர், எல்லோரும் சாப்பிடுகிறார்கள். 'நீ சாப்பிட்டியா' என்று ஒரு ஆள் அவளைக் கேட்கவில்லை. எழுதியவருக்கே இது தெரியுமா என்று சந்தேகமாக இருக்கிறது.

ஆபீஸில் உட்கார்ந்து அழுதேன். மோட்டார் பார்க்க வந்த மெக்கானிக், கரண்ட் பில்லைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்.

மே 27

செவந்தி போன் பண்ணினாள். என் கிளாஸ்மேட், கீரமங்கலத்தில் பூக்கடை வைத்திருக்கிறாள், கருத்தரங்கில் இழுத்துவிட்டவளே அவள்தான்.

"நாவல் படிச்சியா?" என்றேன்.

"எங்கடி படிக்க? அட்டையப் பாத்தேன். நல்ல கலரு."

பூரணத்தைப் பற்றி நான் பேசப் போகிறேன் என்றேன். "ஆத்மநாதன் சார் ஒன்னயப் பேச விட்டுட்டாலும்!" என்று சிரித்தாள். சார் எங்களுக்குப் பாடம் எடுத்தவர். ரிட்டயர் ஆனபின் கருத்தரங்கை நடத்துவதே அவர்தான்.

காலேஜில் மூன்று வருஷமும் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவையாவது எழுந்து நின்று பேசிவிட வேண்டும். பூரணத்துக்காகவாவது.

ஜூன் 3

சாருக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் கொடுங்க சார், போதும் என்றேன்.

"ஏம்மா, வாழ்த்துரைக்கே ஆளுக வரிசையில நிக்கிறாங்க. ஒருத்தர விட்டா அவருக்குக் கோவம். நன்றியுரை காலியாத்தான் இருக்கு, அதச் செஞ்சிரும்மா."

நன்றியுரை! பாதிப் பேர் கை கழுவப் போயிருப்பார்கள். மைக் செட்டுக்காரருக்கும் சமையல்காரருக்கும் நன்றி சொல்லவா நான் புத்தகத்தை இரண்டு தடவை படித்தேன்?

சரிங்க சார் என்று சொல்லித் தொலைத்தேன்.

ஜூன் 6

"இந்த மாசத்தோட நிப்பாட்டிக்க" என்கிறார் இவர். "தடை முடிஞ்சா சனிக்கிழம போட்டுக கடலுக்குப் போவும். ஐஸ் ஏத்துறப்ப பில்லு யாரு போடுவா? ஒன் நாவலா?"

நியாயம்தான். பில் நான்தான் போடுகிறேன், போன் நான்தான் எடுக்கிறேன். ஆனா ஒனக்கு அங்க என்ன புடிச்சிருக்குன்னு ஒரு வார்த்த கேட்டாரா? கேக்கமாட்டாரு. யாருதான் கேட்டா?

ஆக, பதினாலாம் தேதி மட்டும்தான். அதுவும் நன்றியுரை.

ஜூன் 14, சனி

இன்று நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

வாழ்த்துரைகள் முடிந்தன. யாரும் நாவலைத் தொடவில்லை. பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள், வாசனை மேடை வரை வந்துவிட்டது. "நிறைவாக நன்றியுரை, சகோதரி அருணா" என்றார் சார். நாற்காலிகள் நகர ஆரம்பித்தன.

தலைவருக்கு நன்றி சொன்னேன். மைக் செட்டுக்கு நன்றி சொன்னேன். அப்புறம் சொன்னேன்: "வந்தவர்களுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் சோறு போட்ட பூரணம் அம்மாவுக்கு நன்றி."

சமையல்காரம்மா என்று நினைத்துவிட்டார்கள். பழக்க தோஷத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். ஆத்மநாதன் சார் அதற்கும் மேலே போய், ஒரு பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு எழுந்தார். "பூரணம் அம்மா எங்கிருந்தாலும் மேடைக்கு வாங்க!"

"வரமாட்டாங்க சார்" என்றேன். "நாவல்ல அடுப்படியில இருக்காங்க."

பொன்னாடையோடு அப்படியே நின்றார் மனுஷன். அவரே படிக்கவில்லை! எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, கொட்டிவிட்டேன். அவள் யார் யாருக்குச் சோறு போட்டாள், யார் யார் கேட்காமல் போனார்கள், நாம் எல்லோரும் இப்போது அண்டாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்பது வரை. யாரும் எழுந்து போகவில்லை.

"அப்பறம் அந்தம்மாவுக்கு என்னடி ஆச்சு?" என்று செவந்தி சத்தமாகக் கேட்டாள்.

"படிச்சுப் பாரு" என்றேன். நன்றியுரை முடிந்தது.

திரும்பினால் வாசலில் இவர் வேன் சாவியோடு நிற்கிறார். ஐஸ் வேலைக்கு நேரமாகிறது என்று என்னைக் கூட்டிப்போக வந்தவர், எப்போது வந்தார் என்றே தெரியவில்லை. அறந்தாங்கி தாண்டியதும் மெதுவாக, "அந்தப் பூரணம் கடைசில சாப்பிட்டாளா இல்லையா?"

"கடைசிப் பக்கத்துல இருக்கு."

"சொல்லேன்."

"சொல்லமாட்டேன்."

ஜூன் 16

விடிந்ததிலிருந்து ஐஸ். எழுத நேரமில்லை.

ஜூலை 2

சார் பேசினார். "நிகழ்ச்சியில ஒரு சின்ன மாத்தம்மா. நன்றியுரைய முதல்ல வச்சிருக்கேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்க. வாழ்த்துரையெல்லாம் சாப்பாட்டுக்கு அப்பறம்."

சனிக்கிழமை வர முடியாது சார் என்று சொல்ல வாய் எடுத்தேன். பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 7

பூரணம் நாவலைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடியாகிவிட்டது. செவந்தி சத்தியமாக எடுக்கவில்லையாம்.

ஜூலை 9, புதன்

கம்பெனியில், ஐஸ் உடைக்கும் மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில் இருந்தது. முக்கால்வாசிப் பக்கங்கள் ஈரக் கை பட்டு உப்பியிருக்கின்றன. மிச்சம் மட்டும் புதுசு மாதிரி. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இவர் தங்கை வனிதா கோட்டைப்பட்டினத்திலிருந்து போன் பண்ணினாள். சனிக்கிழமை பில் போட எத்தனை மணிக்கு வரணும் அண்ணி என்று கேட்கிறாள். வரச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் இவர் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார். இத்தனை வருஷமாக இவர் போன் வந்தால் எத்தனை பார் ஐஸ் ஏறியிருக்கு, யார் இன்னும் பாக்கி தரலை, இதுதான் பேச்சு. இன்றைக்கு எடுத்த உடனே, "சாப்பிட்டியா?" என்றார்.

"எத்தனாவது பக்கத்துல இருக்கீங்க?" என்று கேட்டேன்.

டக்கென்று போனை வைத்துவிட்டார்.