‘முடியாது’ என்று எழுதித் தாருங்கள்

அக்கா,

எங்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று கைப்பேசியில் புகார் போட்டிருந்தேன். இரண்டே நாளில் நேற்று பதில் வந்தது. ‘தங்கள் மனு நிராகரிக்கப்பட்டது.’ என் மகன் எரிச்சல்பட்டான். எனக்கோ கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வரிக்காகத்தானே நீங்கள் மூன்று வருஷம் நடந்தீர்கள்.

நான் நெய்வேலிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த தென்காசிக்காரி. என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை. நான் டவுன்ஷிப்பில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டுக்காரர் கான்ட்ராக்ட் கூலி. எண்பதுகளின் தொடக்கத்தில் பெர்மனென்ட் கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, விசாரணை என்று அவரைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். அன்று சாயங்காலமே விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவர் வீடு வந்து சேரவில்லை. மனு அடிக்க என்னிடம் வந்த நீங்கள், நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தீர்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உட்கார்ந்தால்தான் அடிப்பேன் என்றேன்.

ஜெனீவாவில் எல்லா நாட்டுக்காரர்களும் எழுதக்கூடிய மனித உரிமை அலுவலகம் ஒன்று இருப்பதாகச் சொல்லி, கடலூர் வக்கீல் ஒருவர் விலாசம் கொடுத்தார். எழுதினோம். இங்கிலீஷில் பதில் வந்தது. உங்கள் நாட்டில் இருக்கும் சட்ட வழிகளையெல்லாம் முதலில் முயன்று முடியுங்கள், அதன் பிறகே நாங்கள் பார்க்க முடியும் என்று. நான் பெரிய படிப்பாளி மாதிரி அர்த்தம் சொன்னேன். இங்கே உள்ள ஒவ்வொரு ஆபீசும் கோர்ட்டும் முடியாது என்று எழுதித் தர வேண்டும், அந்தக் காகிதங்களைச் சேர்த்து அனுப்பினால்தான் எடுப்பார்கள் என்றேன்.

“அவ்ளோதானம்மா? இல்லன்னு சொல்றதுக்கு யாரு யோசிக்கப் போறாங்க” என்று சிரித்தீர்கள். அவரைக் கொண்டுபோன பிறகு நீங்கள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இரண்டு பேருமே ஏமாந்தோம். வாயால் இல்லை என்று சொல்ல ஆளுக்குக் குறைவில்லை, எழுதித் தரத்தான் ஒருவரும் இல்லை. பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள், மேலே அனுப்பியிருக்கிறோம் என்பார்கள். வயல் வேலை இல்லாத நாளெல்லாம் வடலூரில் பஸ் மாறிக் கடலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய்வந்தீர்கள். ஒருமுறை நானும் கூட வந்தேன். அந்த ஆபீஸ் கிளார்க்கிடம் நீங்கள் கேட்டது இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

“எதுவும் செய்யச் சொல்லலிங்க. முடியாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, வாங்கினு போயிடறேன்.”

அப்படி ஒரு விண்ணப்பத்தை அந்த மனிதர் அதற்கு முன் கேட்டதே இல்லை போலும். பேனாவைத் திறந்தார், மூடினார், அடுத்த வாரம் வரச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் நான் அவரைத் திட்டித் தீர்த்துக்கொண்டு வந்தேன். நீங்கள் வேர்க்கடலையை உரித்து உரித்து என் மடியில் போட்டுக்கொண்டு வந்தீர்கள்.

கடைசியில் பெரிய கோர்ட்டுக்குப் போனோம். அவரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்ட ஆட்கொணர்வு மனு தள்ளுபடியானது. போலீஸ் சொன்னதையே ஏற்றுக்கொண்டார்கள். இன்னும் டெல்லிக் கோர்ட் பாக்கி என்றார் வக்கீல். எனக்கு அலுத்துப்போயிருந்தது. போதும் அக்கா, வளர்ந்து நிற்கிற உங்கள் மகளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் கோபப்படவில்லை. “எல்லாரும் இல்லன்னுட்டாங்க. நானும் நின்னுட்டா, நானே இல்லன்னு கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்மா” என்றீர்கள்.

டெல்லிக்கு மனு போகுமுன் மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது.

காரியம் முடிந்ததும் உங்கள் மகள் அந்தக் காகிதப் பையை என்னிடம் கொண்டுவந்தாள். ஜெனீவாக் கடிதத்தை மறுபடி படித்தேன். அடியில் ஒரு வாக்கியம் இருந்தது. உள்நாட்டு வழிகள் நியாயமில்லாமல் இழுத்தடிக்கப்பட்டால், அவை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் நாளிலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்கிறது. சட்ட இங்கிலீஷ் புரியாமல், வக்கீலிடம் கேட்கவும் வெட்கப்பட்டு, நான் தாண்டிப் போயிருக்கிறேன். பாவி நான். அவர்கள் இழுத்தடிப்பதையே எழுதி எப்போதோ அனுப்பியிருக்கலாம். உங்களை நடக்கவிட்டது அந்த ஆபீசுகள் மட்டும் இல்லை அக்கா, நானும்தான். இதை உங்களிடம் சொல்லி, நீங்கள் திட்டுவதைக் கேட்க வேண்டும் என்று இன்றைக்கும் ஏங்குகிறேன். நீங்கள் திட்டியிருக்க மாட்டீர்கள். அதுதான் தாங்கவில்லை.

மகளிடம் ஒளிக்காமல் சொன்னேன். காகிதப் பையை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, “இப்ப அடிங்க டீச்சர், நான் கையெழுத்துப் போடறேன்” என்றாள். நீங்கள் அலைந்த தேதிகளையெல்லாம் வரிசையாக அடித்து அனுப்பினோம். மனு கிடைத்தது என்று ஒரு அட்டை வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

ஆனால் அந்த மனுவின் முதல் பக்கத்தை என்னால் மறக்க முடியவில்லை. மனுதாரரின் பெற்றோர் பெயர் வரும் இடத்தில் என் கை நின்றுவிட்டது. உங்கள் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று அடித்தேன். அப்பா பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று அவளை நிமிர்ந்து பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவர் பெயரை மட்டும் அடித்தேன் அக்கா. முன்னால் ஒன்றும் போடவில்லை.