மின்விசிறி ஓடாத அறையில் நடந்த நியமனம்

அனுப்புநர்:
தலைவி,
மாதிரி நேர்முகத் தேர்வுக் குழு (இரண்டாம் அணி),
இளைஞர் வேலை வழிகாட்டி மையம்,
இரண்டாம் மாடி.

பெறுநர்:
உயர்திரு நிர்வாக அலுவலர் அவர்கள்,
நகரப் பேருந்து நிர்வாகம்,
அதே கட்டடம், முதல் மாடி.

பொருள்: எங்கள் குழு தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட்ட உதவியாளரைத் திங்கட்கிழமை பணியில் சேர்த்துக்கொள்ளவும், தங்கள் குழு தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட்ட என் அத்தை மகனைத் திருப்பித் தரவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. தவறவிட்ட பொருள்கள் பிரிவுக்கு உதவியாளர் தேவை என்ற தங்கள் விளம்பரம்.
2. மூன்றாம் எண் அறைக் கதவில் யாரும் கிழிக்காமல் விட்ட தாள்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவை முழுவதும் படித்த பிறகே கோபப்படுமாறு முதலிலேயே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. எனக்கு வயது பதினெட்டு. பள்ளி முடித்துவிட்டு, எந்த வேலைக்குப் போவது என்று தெரியாமல் திருதிருவென விழிப்பவர்களுக்காக நடத்தப்படும் மூன்று மாதப் பயிற்சியில் இருக்கிறேன். எங்கள் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘எனக்கு ஏற்ற பணி’ என்று ஒரு கட்டம் உண்டு. பல் மருத்துவமனை, அச்சகம், கண்ணாடிக் கடை, பூச்செடிப் பண்ணை என்று ஏழு இடங்களுக்கு அழைத்துப் போய்க் காட்டினார்கள். அச்சகத்தில் தும்மினேன். கண்ணாடிக் கடையில் என்னை எதையும் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

2. சென்ற புதன்கிழமை எங்களுக்கு மாதிரி நேர்முகத் தேர்வு. முதல் அணியினர், ஒரு நாளைக்கு ஒருவராக, வேலை கேட்டு வருபவர்களாக வர வேண்டும். இரண்டாம் அணியினராகிய நாங்கள் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். வருபவர்கள் கற்பனைப் பெயரில், கற்பனை விண்ணப்பத்துடன் வரலாம். அவர்களுக்குக் காலை வகுப்பு, எங்களுக்கு மதிய வகுப்பு என்பதால் முகப் பழக்கம் கிடையாது. எனக்குத் தெரிந்தவர் என் அத்தை மகன் ஒருவர்தான். அவரை வீட்டில் தூங்குமூஞ்சி என்று அழைப்போம். இந்த மனுவில் அவர் மீண்டும் வருவார்.

3. என்ன வேலைக்கு ஆள் எடுப்பது என்று கேட்டபோது எங்கள் பயிற்றுநர், அறிவிப்புப் பலகையில் இருக்கும் ஏதாவதொரு விளம்பரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாங்கள் எடுத்தது தங்களுடையது. பயிற்றுநர் இன்னொரு விதியும் வைத்திருக்கிறார். வந்தவரைப் பதில் சொல்லாமல் வெளியே அனுப்பக் கூடாது. ஆம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்றை அங்கேயே முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆம் என்றால் நியமன ஆணையை எழுதி, அதில் ‘மாதிரி’ என்று முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும்.

4. தங்கள் அலுவலகத்தில் வெள்ளையடிக்கும் வேலை நடந்ததால், அன்று தங்கள் குழு எங்கள் மாடியில் மூன்றாம் எண் அறையில் உண்மையான தேர்வை நடத்தியது. காலையில் எட்டுப் பேர் முடிந்து, மதியத்துக்கு ஒருவர் மட்டும் மீதி. அந்த நேரத்தில் மூன்றாம் எண் அறையின் மின்விசிறி நின்றது. மழைக்கு முந்தைய புழுக்கம் வேறு. நாங்கள் தேநீர் குடிக்கப் போயிருந்த பத்து நிமிடத்தில் தாங்கள் எங்கள் நான்காம் எண் அறைக்கு மாறிவிட்டீர்கள். திரும்பி வந்த எங்களை அலுவலக உதவியாளர் மூன்றாம் எண் அறைக்கு விரட்டினார். கதவுகளில் ஒட்டியிருந்த தாள்களை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே தங்கள் கதவில் ‘மாதிரி நேர்முகத் தேர்வு’ என்றும், எங்கள் கதவில் ‘நேர்முகத் தேர்வு’ என்றும் இருந்தது. இதில் என் புகார் மின்விசிறியின் மீது மட்டுமே.

5. மேசையில் ஒரு விண்ணப்பக் கோப்பும், நாற்காலியில் ஒரு கறுப்புக் குடையும் இருந்தன. பயிற்றுநர் எவ்வளவு அக்கறையாக ஏற்பாடு செய்திருக்கிறார் என்று வியந்தோம். பிறகு ஓர் அக்கா உள்ளே வந்தார். இருபத்துமூன்று வயது. சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். உட்காரலாமா என்று இரண்டு முறை கேட்டார். என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த சோடாபுட்டி என் காதில், “முதல் அணி நல்லா தயார் பண்ணியிருக்கு” என்றார். நானும் தலையாட்டினேன்.

6. நான்காவது கேள்வியை நான் கேட்டேன்: இதற்கு முன் நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறீர்களா? அவர் சொன்ன பதிலை எங்கள் குறிப்பேட்டில் உள்ளபடியே தருகிறேன். “பதினொண்ணு போயிருக்கேங்க. எல்லா இடத்திலயும் சொல்லி அனுப்புறோம்னுதான் சொன்னாங்க. யாருமே சொல்லி அனுப்பல. இல்லைன்னாவது சொல்லியிருக்கலாம். நான் பாட்டுக்கு வாரக்கணக்கா போனையே பார்த்துக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்.” சொல்லும்போது அவர் கண் நிறைந்துவிட்டது. ஐயா, நாங்கள் மூவரும் கைதட்டினோம். வலப்பக்கம் இருந்த நெட்டை விசிலடித்தார். அக்கா ஒன்றும் புரியாமல், மரியாதைக்காகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

7. ஆறாவது கேள்விக்கு நாற்காலியில் கிடந்த குடையையே எடுத்துக் காட்டினோம். இதைப் போல நூறு கறுப்புக் குடைகள் பேருந்தில் தொலைகின்றன; ஒருவர் வந்து இது என்னுடையது என்றால் எப்படி நம்புவீர்கள்? அக்கா குடையை வாங்கித் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. மறுபடி முயன்றார். இல்லை. “இது என்னோடது இல்லைங்க, அதான் திறக்கல,” என்றார். “பழைய குடைக்கெல்லாம் ஒரு பிடிவாதம் இருக்கும். எங்க அழுத்தணும், எந்தப் பக்கம் லேசா திருகணும்னு சொந்தக்காரங்க கைக்குத் தானா தெரியும். வர்றவங்க கையில குடுத்துத் திறக்கச் சொல்வேன். முதல் தடவையே திறந்துட்டா அவங்களோடதுதான்.” நாங்கள் மூவரும் அந்தக் குடையைத் திறக்க முயன்றோம். திறக்கவில்லை. பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டோம்.

8. விதிப்படி ஆம் என்று முகம் பார்த்துச் சொன்னேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பணியில் சேருமாறு ஆணை எழுதிக் கையொப்பமிட்டேன். முத்திரை நான்காம் எண் அறையிலேயே தங்கிவிட்டதால், பிறகு குத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அக்கா வெளியே போனார். வராந்தாப் பக்கச் சன்னலுக்கு அப்பால் அவர் போனில் பேசுவது கேட்டது. “அம்மா, கிடைச்சிடுச்சும்மா. விளையாடலம்மா, நிஜமாத்தான். கையிலயே எழுதிக் குடுத்துட்டாங்க.” ஒரு நடிகை யாரும் பார்க்காத இடத்தில் இப்படி அழமாட்டார் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. மூவரும் படியிறங்கி ஓடினோம். பேருந்து போய்விட்டது.

9. அன்று மாலை, கோப்பில் இருந்த எண்ணுக்கு நெட்டை போன் செய்தார். எடுத்தது அக்காவின் அம்மா. மையத்திலிருந்து பேசுகிறோம் என்று சொன்னதுதான் தாமதம், “நல்லா இருங்க தம்பி. அவ இப்பதான் ரெண்டு வாய் நிம்மதியா சாப்பிடுறா. பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டேன்” என்று அவர் பேச ஆரம்பித்துவிட்டார். நெட்டை ஆறடி உயரம், எதற்கும் அசராதவர். அவர் “சரிங்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார். நானும் “சரிங்கம்மா” என்றுதான் சொன்னேன். இதைக் கோழைத்தனம் என்று தாங்கள் கருதினால் மறுக்கமாட்டேன்.

10. இனி தங்கள் அறையில் நடந்தது. ‘மாதிரி’ என்ற தாளைப் பார்த்து உள்ளே வந்தவர் தூங்குமூஞ்சி. கோப்பு எங்களிடம் மாட்டிக்கொண்டதால் தாங்கள் அவருடைய கற்பனை விண்ணப்பத்தையே உண்மை என்று எடுத்துக்கொண்டீர்கள். பயணி கோபமாகக் கத்தினால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, “கத்தி முடிக்கட்டும்னு உட்கார்ந்திருப்பேங்க” என்றாராம். இந்த வேலை கிடைக்காவிட்டால் என்ற கேள்விக்கு, “பரவாயில்லைங்க, வீட்டுக்குப் போய்த் தூங்குவேன்” என்றாராம். தாங்கள் இதைத் தேர்வுப் பட்டியலில் ‘அரிய நிதானம்’ என்று குறித்து முழு மதிப்பெண் வழங்கியிருக்கிறீர்கள். ஐயா, அது நிதானம் இல்லை. அவர் பிறவியிலேயே அப்படித்தான். அவருக்கு இன்னும் பதினெட்டு நிறையவில்லை. அவர் கண் விழித்துக் கேட்ட ஒரே வகுப்பு பேக்கரி பற்றியது. அங்கே சேர விண்ணப்பமும் கொடுத்துவிட்டார். தேர்வுப் பட்டியலைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கமே வரவில்லை. அத்தை பயந்துபோய் வைத்தியரிடம் காட்டலாமா என்கிறார்.

11. மேலும் ஒன்று. மேசையில் கிடந்த எங்கள் முத்திரையைத் தங்கள் உதவியாளர் தங்களுடையது என்று நினைத்துக் குத்தியிருக்கிறார். அறிவிப்புப் பலகையில் உள்ள தங்கள் தேர்வுப் பட்டியலின் அடியில் ‘மாதிரி’ என்று ஊதா மையில் பளிச்சென்று இருக்கிறது. எங்கள் ஆணையில் அப்படி எதுவும் இல்லை. காகிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் விளையாடியது யார் என்பதில் சந்தேகம் வரக்கூடும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சோடாபுட்டி சொல்லத் துடிக்கிறார்.

12. ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். தூங்குமூஞ்சியின் தேர்வை ரத்து செய்து, அவரைத் தூங்கவிடுங்கள். அந்த அக்காவைத் தாங்களே ஒருமுறை நேரில் விசாரியுங்கள். எங்கள் குறிப்பேட்டை இணைத்திருக்கிறேன், ஆறாவது பதிலை மட்டுமாவது படித்துப் பாருங்கள். அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. திங்கட்கிழமை எட்டரை மணிக்கே வாசலில் நின்று, கைதட்டியதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பேன். அவரைச் சேர்க்க இயலாது என்று தாங்கள் முடிவெடுத்தால், தயவுசெய்து சொல்லி அனுப்புகிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை அவர் பதினொரு முறை கேட்டுவிட்டார். இல்லை என்பதை முகம் பார்த்துச் சொல்லுங்கள். அப்போது நான் அவர் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.

13. கடைசியாக அந்தக் குடை. புதன்கிழமை காலையில் தாங்கள் குடையோடு வந்ததாகவும், மாலையில் தொப்பலாக நனைந்துகொண்டு போனதாகவும் வாசல் காவலர் கூறினார். இந்தக் கட்டடத்தில் கிடைக்கும் எதையும் கீழ்த்தளத்தில் உள்ள தவறவிட்ட பொருள்கள் பிரிவில்தான் சேர்க்க வேண்டும் என்பது தாங்கள் ஒப்பமிட்ட விதி. அதன்படி சேர்த்துவிட்டேன். அங்கே பொருளை உள்ளே போட ஒரு திறப்பு இருக்கிறது. எடுத்துக் கொடுக்கும் சன்னலில் இரண்டு மாதமாக ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை மீண்டும் மழை என்கிறார்கள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அந்தச் சன்னலில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், தாங்கள் போய்க் கேட்கலாம். குடையைத் தங்கள் கையில் கொடுத்துத் திறந்து காட்டச் சொல்வார். முதல் தடவையிலேயே திறந்துவிடும் என்று நம்புகிறேன்.

இடம்: மூன்றாம் எண் அறை (மின்விசிறி இன்னும் ஓடவில்லை)
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் பதிலை, எதுவானாலும், எதிர்நோக்கும்,
(நியமன ஆணையில் உள்ள அதே கையொப்பம்)
குழுத் தலைவி

இணைப்பு:
1. நியமன ஆணையின் நகல், முத்திரை இல்லாதது.
2. கேள்வி பதில் குறிப்பேடு.
3. என் பதிவேட்டின் கடைசிப் பக்கம். ‘எனக்கு ஏற்ற பணி’ என்ற கட்டத்தில் நேற்று எழுதியிருக்கிறேன்: ஆள் தேர்வு செய்வது. பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன், திங்கட்கிழமைக்குப் பிறகு பேனாவால் எழுதலாமா, அழிக்க வேண்டுமா என்று சொல்லவும்.